அறிவியல் புனைவுச் சுடுவிளையாட்டுகளில் வெடிக்கும் சூழற்பொருள்கள்: திணை, வேற்றுமை நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டுகளைப் பனுவல்களாகக் கொண்டு ஆராயும் முயற்சிகள் பெரும்பாலும் அவற்றின் கதையையும் கதைமாந்தரையுமே முதன்மைப்படுத்துகின்றன. விளையாட்டின் பொருண்மை அதன் விதிகளிலும், அவ்விதிகளுக்கு உட்பட்டு இயங்கும் பொருள்களிலும் உறைந்துள்ளது என்பதை வெடிக்கும் பீப்பாய் என்னும் ஒரு சிறு பொருளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 1993-இல் வெளியான ‘டூம்’ விளையாட்டின் மூலநிரல், 2004-இல் வெளியான ‘ஹாஃப்-லைஃப் 2’, 2021-இல் வெளியான ‘ஹேலோ இன்ஃபினிட்’ ஆகியவை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழிலக்கணத்தின் திணைப் பாகுபாடும் வேற்றுமைக் கோட்பாடும் இப்பொருளின் தன்மையை உணர்த்தும் பகுப்பாய்வுக் கருவிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன. இடமாக இருந்த பொருள் கருவியாக மாறிய வரலாறும், அம்மாற்றத்தால் கொலைவினையின் பொறுப்பு இடம்பெயர்ந்த முறையும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, அறிவியல் புனைவு, சூழற்பொருள், மூலநிரல், திணை, வேற்றுமை, வழக்கு.

1. முன்னுரை

காணொளி விளையாட்டு ஆய்வு தனித்துறையாக வளர்ந்து கால் நூற்றாண்டு ஆகிறது. எஸ்பன் ஆர்செத் 1997-இல் வெளியிட்ட ‘சைபர்டெக்ஸ்ட்’ நூலும், 2001-இல் தொடங்கப்பெற்ற ‘கேம் ஸ்டடீஸ்’ ஆய்விதழும் இத்துறைக்கு அடித்தளம் இட்டவை. விளையாட்டைக் கதையாகப் படிப்பதா, விதிகளின் தொகுதியாகப் படிப்பதா என்பது அத்துறையின் தொடக்ககால விவாதங்களுள் தலையாயது. இலக்கியப் பயிற்சியுடையோர் இயல்பாகவே முதல் வழியை நாடுவர். ஆயினும், கதைச் சுருக்கத்தை மட்டும் கொண்டு ஒரு சுடுவிளையாட்டை மதிப்பிடுவது, ஒரு நாடகத்தின் கதையை மட்டும் கேட்டுவிட்டு அதன் அரங்கேற்றத்தை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். ஆடுபவர் பல மணிநேரம் கண்டும் செய்தும் பழகுவது கதையை அன்று. அறைகள், கதவுகள், பெட்டிகள், பீப்பாய்கள் ஆகியவற்றையே அவர் இடைவிடாது எதிர்கொள்கிறார்.

அவற்றுள் வெடிக்கும் பீப்பாய் தனித்து நோக்கத்தக்கது. இவ்வகை விளையாட்டுகளில் அது மிகுதியாகப் பயின்று வருகிறது. அதனால் தேய்ந்துபோன உத்தி என்று எள்ளி நகையாடப்படுவதும் உண்டு. ஆனால், ஓர் உத்தி முப்பதாண்டுகளாக வழக்கொழியாது நிலைத்திருக்குமாயின், அது நிறைவேற்றும் பணி யாது என வினவுவது ஆய்வாளர் கடமையாகிறது.

2. சூழற்பொருள்: வரையறை

விளையாட்டு உலகில் ஆடுபவரும் எதிரிகளும் ஒழிந்த ஏனையவற்றைச் ‘சூழற்பொருள்’ எனலாம். அவை மூவகைப்படும். கண்ணுக்கு மட்டும் புலனாகி எவ்வினைக்கும் எதிர்வினை காட்டாதவை முதல் வகை. அடித்தால் உடைபவை இரண்டாம் வகை. தாக்கப்பட்டவுடன் தம்மைச் சுற்றியுள்ளவற்றையும் தாக்குபவை மூன்றாம் வகை. வெடிக்கும் பீப்பாய் மூன்றாம் வகையைச் சார்ந்தது. முதலிரு வகைகளும் வினையைப் பெறுகின்றன. மூன்றாம் வகையோ வினையைப் பெற்று, மற்றொரு வினையைத் தான் நிகழ்த்துகிறது.

இவ்வேறுபாட்டை இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் இரு விளையாட்டுகளை ஒப்பிட்டு உணரலாம். 1992-இல் வெளியான ‘வுல்ஃபென்ஸ்டீன் 3டி’ விளையாட்டிலும் பீப்பாய்கள் உள்ளன. அவை வழியை அடைத்து நிற்கும். எத்துணை முறை சுட்டாலும் அசைவதில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் வெளியான ‘டூம்’ விளையாட்டில் பச்சை நிறக் கழிவு ததும்பும் பீப்பாய்கள் சுடப்பட்டால் வெடிக்கின்றன. முன்னதில் பீப்பாய் காட்சி. பின்னதில் பீப்பாய் வினைமுதல்.

3. ‘டூம்’ மூலநிரலில் பீப்பாயின் திணை

‘டூம்’ விளையாட்டின் மூலநிரல் 1997 டிசம்பரில் பொதுவில் வெளியிடப்பட்டது. எனவே அவ்விளையாட்டின் விதிகளை ஊகத்தால் அன்றி, சுவடியைப் பார்த்து மூலபாடத்தை உறுதிசெய்வதுபோல நேரடியாகவே அறிய இயலும். அந்நிரலில் உலகப் பொருள்கள் அனைத்தும் ஒரே அட்டவணையில் இடம்பெறுகின்றன. ஆடுபவர், எதிரிகள், விளக்குகள், மருந்துப் பெட்டிகள், பாயும் ஏவுகணைகள், பீப்பாய்கள் ஆகிய யாவும் ஒரே வகைப் பதிவுகளே. ஒவ்வொன்றுக்கும் உயிர்ப்புள்ளி, உடலளவு, நிறை, இறப்புநிலை முதலிய கூறுகள் வரிசையாகக் குறிக்கப்படுகின்றன.

பீப்பாயின் உயிர்ப்புள்ளி 20. துப்பாக்கி ஏந்தித் திரியும் மிக எளிய எதிரியின் உயிர்ப்புள்ளியும் 20-தான். கைத்துப்பாக்கியின் ஒரு குண்டு 5, 10, 15 ஆகிய அளவுகளுள் ஒன்றைக் குறைக்குமாதலின், இரண்டு முதல் நான்கு குண்டுகளில் இரண்டும் வீழும். பீப்பாயின் உயிர்ப்புள்ளி தீர்ந்ததும் நிரல் அதனை ‘இறப்புநிலை’க்குக் கொண்டுசெல்கிறது. அந்நிலையில் வெடியோசையை எழுப்பும் செயற்கூறின் பெயர் ‘அலறல்’ என்னும் பொருளுடையது. எதிரிகள் இறக்கும்போது ஒலியெழுப்பும் செயற்கூறும் அதுவே. நிரலின் நோக்கில் பீப்பாய் உடைவதில்லை, அலறி இறக்கிறது.

தமிழிலக்கணம் பெயர்ப்பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இப்பாகுபாட்டிலிருந்தே தொடங்குகிறது. மக்களாகச் சுட்டப்படுவன உயர்திணை, பிறவெல்லாம் அஃறிணை. ‘டூம்’ நிரலில் இவ்வெல்லைக்கோடு இல்லை. அதற்கு ஈடாக வேறொரு கோடு வரையப்பட்டுள்ளது: சுடத்தக்கது, சுடத்தகாதது. விளக்கும் தூணும் சுடத்தகாதவை. குண்டு அவற்றை ஊடுருவிச் செல்லும். ஆடுபவர், எதிரிகள், பீப்பாய் ஆகிய மூன்றும் சுடத்தக்கவை. 1993-ஆம் ஆண்டு விளையாட்டில் உயிரற்ற பொருள்களுள் இத்தகுதி பெற்றது பீப்பாய் ஒன்றே. எதிரிகளிடமிருந்து அதனைப் பிரிக்கும் அடையாளங்களுள் ஒன்று, ‘இரத்தம் இல்லை’ எனப் பொருள்படும் குறிப்பு. குண்டு பட்ட இடத்தில் குருதிக்கு மாறாகப் புகை தோன்ற வேண்டும் என்பதே அக்குறிப்பின் பணி. அத்துடன், தானாக நகர்வதும் தாக்குவதும் பீப்பாய்க்கு வகுக்கப்படவில்லை.

இதனால் பெறப்படுவது யாது? ‘டூம்’ உலகில் மதிப்புடைமை என்பது அறிவாலோ உயிராலோ அமைவதன்று. சுடுதலுக்கு எதிர்வினை காட்டும் ஆற்றலால் அமைவது. சுவரோடு சுவராக நிற்கும் பீப்பாய் இத்திணையில் எதிரியோடு ஓரினமாகிறது. அவ்வுலகின் வன்முறை குறித்துக் கதை கூறுவதைவிட இவ்வகைப்பாடு வெளிப்படையாகக் கூறுகிறது.

4. வெடிப்பின் விதி

பீப்பாய் வெடிக்கும்போது விளையும் சேதம் மையத்தில் 128. தொலைவு ஓர் அலகு கூடக் கூடச் சேதம் ஒவ்வொன்றாகக் குறையும். ‘இம்ப்’ எனப்படும் எதிரியின் உயிர்ப்புள்ளி 60. வெடிப்பு மையத்திற்கும் அதன் உடலின் விளிம்பிற்கும் இடையே 68 அலகோ அதனினும் குறைவாகவோ தொலைவிருந்தால் அது மடியும். உயிர்ப்புள்ளி 150 உடைய எதிரியை ஒரு பீப்பாயால் மட்டும் வீழ்த்த இயலாது. சைபர்டீமன், ஸ்பைடர் மாஸ்டர்மைண்ட் என்னும் இரு பேரெதிரிகளை இவ்வெடிப்பு தீண்டுவதே இல்லை. முழு உயிர்ப்புள்ளியான 100-உடன், கவசமின்றிப் பீப்பாயை ஒட்டி நிற்கும் ஆடுபவர் இயல்பான கடினநிலையில் ஒரே வெடிப்பில் மடிவார். ஏவுகணையின் வெடிப்புக்கும் இதே 128 அளவே விதிக்கப்பட்டுள்ளது. எனவே, கைத்துப்பாக்கி மட்டுமே உடைய தொடக்கநிலை ஆடுபவருக்கு ஒவ்வொரு பீப்பாயும் தரையில் நிற்கும் ஓர் ஏவுகணை.

வெடிப்பின் வடிவமும் கருதத்தக்கது. நிரல் தொலைவைக் கணக்கிடும்போது கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு வேறுபாடுகளுள் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது, உயரத்தைக் கருதுவதில்லை. ஆகவே, கண்ணுக்கு உருண்டையாகத் தோன்றும் தீப்பிழம்பு, கணக்கில் வானளாவிய ஒரு சதுரத்தூண். வெடித்த இடத்திற்கும் இலக்கிற்கும் இடையே தடையற்ற பார்வைக்கோடு இருத்தல் மட்டுமே கூடுதல் நிபந்தனை.

உயிர்ப்புள்ளி தீர்ந்த நொடியிலேயே பீப்பாய் சேதம் விளைவிப்பதில்லை. வினாடிக்கு 35 துடிப்புகளாக இயங்கும் அவ்விளையாட்டில் 12 முதல் 15 துடிப்புகள் கழிந்த பின்னரே சேதம் நிகழ்கிறது. அதாவது, அரை வினாடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. பீப்பாய்களை வரிசையாக அடுக்கினால் இவ்விடைவெளியால் வெடிப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அலையாகப் பரவுவதைக் கண் தொடர இயலுகிறது. சங்கிலி வெடிப்பின் அழகும் அச்சமும் இச்சிறு தாமதத்தால் பிறப்பவை. 1994-இல் வெளியான ‘டூம் 2’ விளையாட்டின் 23-ஆம் களம் பீப்பாய்களின் பெயராலேயே வழங்குகிறது. களம் முழுவதும் இவ்விதியின் விளைவுகளையே ஆடுபவருக்கு உணர்த்துகிறது.

5. உலகியல் வழக்கும் நாடக வழக்கும்

மெய்யுலகில் எரிபொருள் நிறைந்த இரும்புப் பீப்பாயைச் சுட்டால் அது வெடிப்பதில்லை. துளைவழியே எரிபொருள் ஒழுகும், அவ்வளவே. எரிவது நீர்ம நிலையிலுள்ள பெட்ரோல் அன்று, அதன் ஆவி. அவ்வாவியும் காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதே தீப்பற்றும். காற்றுக்கு இடமின்றி நிரம்பிய பீப்பாயில் அக்கலவை அமைவதில்லை. ஆகவே, விளையாட்டுப் பீப்பாய் இயற்பியலைப் பின்பற்றி அமைந்ததன்று. அது மரபைப் பின்பற்றி அமைந்தது.

தமிழ்க் கவிதையியல் உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்னும் இரண்டையும் இணைத்துப் புலனெறி வழக்கத்தை அமைக்கிறது. வெடிக்கும் பீப்பாயும் அத்தகைய இணைப்பே. அதன் உருவமும் நிறமும் உலகியலைச் சார்ந்தவை. அதன் செயல் நாடகத்தைச் சார்ந்தது. தீப்பற்றும் நீர்மங்களைக் குறிக்கும் பன்னாட்டு எச்சரிக்கைப் பட்டை சிவப்பு நிறத்தது. ‘ஹாஃப்-லைஃப் 2’ உள்ளிட்ட பல விளையாட்டுகள் வெடிக்கும் பீப்பாய்க்குச் சிவப்பு நிறத்தையே பூசுகின்றன. தொழிற்சாலையில் ‘அணுகாதே’ என்று பொருள்படும் நிறம், விளையாட்டில் ‘சுடு’ என்னும் அழைப்பாகத் தலைகீழாகிறது.

ஒரு பொருள் உயிரிக்கு வழங்கும் செயல்வாய்ப்பு குறித்து ஜேம்ஸ் கிப்சன் 1979-இல் விரிவாக எழுதினார். டொனால்ட் நார்மன் 1988-இல் அக்கருத்தைப் பொருள் வடிவமைப்புத் துறைக்குக் கொண்டுவந்தார். நாற்காலியைக் கண்டவுடன் அமரலாம் எனத் தோன்றுவது செயல்வாய்ப்புக்கு எடுத்துக்காட்டு. பீப்பாயில் செயல்வாய்ப்பு மெய்யுலக அறிவிலிருந்து பிறப்பதில்லை. முன்னர் ஆடிய விளையாட்டுகளிலிருந்து பிறக்கிறது. மரபறிந்தவர்க்கே குறிப்பு புலனாகும் என்பது அகப்பாடல் மரபில் பழகியோர்க்குப் புதிய செய்தியன்று.

இம்மரபுக்கு அறிவியல் புனைவு ஏற்ற நிலைக்களனாக அமைகிறது. ‘டூம்’ செவ்வாய்க் கோளின் துணைக்கோள்களாகிய ஃபோபாஸ், டெய்மாஸ் ஆகியவற்றில் உள்ள ஆய்வுத் தளங்களில் நிகழ்கிறது. அத்தகைய தளத்தில் கழிவும் எரிபொருளும் ஆற்றற்கலன்களும் கிடப்பது வியப்பன்று. மேலும், மெய்யுலகில் இல்லாத பொருளுக்கு எவ்வியல்பையும் ஏற்றிக் கூறலாம். பெட்ரோல் வெடிக்காது என வேதியியலார் மறுக்கலாம்; பிளாஸ்மாக் கலன் இப்படி வெடிக்காது என மறுக்க எவர்க்கும் பிடிமானம் இல்லை.

6. இடப்பொருளிலிருந்து கருவிப்பொருளுக்கு

‘டூம்’ விளையாட்டில் பீப்பாயைக் கையிலெடுக்க இயலாது. தாக்குதலின் விசை அதனைச் சற்றுத் தள்ளலாம். அதற்குமேல் அது நின்ற இடத்திற்குரிய பொருள். எதிரி அதனருகே வரும்வரை ஆடுபவர் காத்திருக்க வேண்டும். தானும் அதனருகே நில்லாதிருக்க வேண்டும். களத்தின் பகுதியாக நின்று, இரு தரப்புக்கும் பொதுவான ஆபத்தாக விளங்கியது அப்பீப்பாய்.

வால்வ் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப் 2’ இந்நிலையை மாற்றியது. ஹேவோக் என்னும் இயற்பியல் நிரற்பொறியைத் தழுவி அமைந்த அவ்விளையாட்டில் பொருள்களுக்கு எடையும் உருளலும் மிதத்தலும் உண்டு. சிவப்புப் பீப்பாயைச் சிறிதளவு தாக்கினால் அது முதலில் தீப்பற்றி, சில வினாடிகள் கழித்தே வெடிக்கும். ‘டூம்’ விளையாட்டின் அரை வினாடித் தாமதம் இங்கு ஆடுபவர் சிந்தித்துச் செயற்படும் அளவுக்கு விரிந்தது. ஓடலாம், காத்திருக்கலாம், ஈர்ப்புத் துப்பாக்கியால் எரியும் பீப்பாயைத் தூக்கி எதிரிமீது எறியவும் செய்யலாம். அதே விளையாட்டில் நீல நிற நெகிழிப் பீப்பாய்கள் வெடிப்பதில்லை. நீரில் மிதந்து பாரம் தாங்குகின்றன. நிறம் இங்கே பொருளின் இயல்பை உணர்த்தும் குறியாகிறது.

‘ஹேலோ’ வரிசையில் பீப்பாயின் இடத்தை ‘இணைவுச் சுருள்’ பெறுகிறது. 2007-இல் வெளியான ‘ஹேலோ 3’ விளையாட்டில் அது தளங்களில் நிற்கும் ஆற்றற்கலன், சுட்டால் வெடிப்பது. 2021-இல் வெளியான ‘ஹேலோ இன்ஃபினிட்’ விளையாட்டிலோ ஆடுபவர் தனிக்கருவி ஏதுமின்றிக் கையாலேயே சுருளைத் தூக்கி வீசுகிறார். பிளாஸ்மாச் சுருள், மின்னதிர்ச்சிச் சுருள் எனச் சுருள்கள் பலவாகி, அவற்றின் விளைவும் வேறுபடுகிறது. 2009-இல் வெளியான ‘பார்டர்லேண்ட்ஸ்’ விளையாட்டு முன்னரே பீப்பாய்களைத் தீ, அமிலம், மின்சாரம் எனப் பிரித்து, எதிரிக்கேற்பத் தேர்ந்து பயன்படுத்தும் முறையைக் கையாண்டிருந்தது.

இவ்வரலாற்றை வேற்றுமை உருபுகளைக் கொண்டு தெளிவாக விளக்கலாம். ‘எதிரி பீப்பாயின்கண் நின்றான்’ என்பது ஏழாம் வேற்றுமை: பீப்பாய் இடம். ‘பீப்பாயைச் சுட்டான்’ என்பது இரண்டாம் வேற்றுமை: பீப்பாய் செயப்படுபொருள். ‘பீப்பாய் கொன்றது’ என்பது எழுவாய் வேற்றுமை: பீப்பாய் வினைமுதல். ‘பீப்பாயால் கொன்றான்’ என்பது மூன்றாம் வேற்றுமை: பீப்பாய் கருவி. ‘டூம்’ பீப்பாய் முதல் மூன்று நிலைகளையும் ஒரே நிகழ்வில் கடந்தது. ‘ஹாஃப்-லைஃப் 2’ நான்காம் நிலையைச் சேர்த்தது. ‘ஹேலோ இன்ஃபினிட்’ விளையாட்டில் நான்காம் நிலையே மேலோங்குகிறது.

7. வினைமுதல் யார்?

இம்மாற்றம் கொலைவினையின் பொறுப்பைத் தொடுகிறது. பீப்பாய் எழுவாயாக நிற்கும்போது, சுட்டவருக்கும் மடிந்தவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் புகுகிறார். ஆடுபவர் சுட்டது பீப்பாயை. எதிரியைக் கொன்றது பீப்பாய். இவ்விடையீடு ஆடுபவருக்கு ஒருவகை விலகலைத் தருகிறது. எதிர்பாராத தொடர் வெடிப்பில் பலர் மடியும்போது எழும் சிரிப்பும் இவ்விலகலின் விளைவே.

ஆனால் ‘டூம்’ நிரல் இவ்விலகலை ஏற்பதில்லை. தனியாட்டத்தில் எதிரிகளின் சாவு எவரால் நிகழ்ந்தாலும், எதிரிகள் தமக்குள் மோதி மடிந்தாலும்கூட, அது ஆடுபவரின் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறது. களம் முடிந்ததும் திரையில் தோன்றும் கொலை விழுக்காட்டில் பீப்பாயின் பங்கு தனியே காட்டப்படுவதில்லை. அதே வேளையில், அலறி இறந்த பீப்பாய் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. எண்ணத்தக்க சாவு என்னும் குறிப்பு அதற்கு இல்லை. உயிர்ப்புள்ளியால் எதிரிக்கு இணையாகவும், இறப்பால் இணையற்றதாகவும் அது நிற்கிறது. பேச்சில் பீப்பாய் கொன்றது. கணக்கில் ஆடுபவர் கொன்றார்.

பீப்பாய் கையில் ஏறிய பின் இம்முரண் மங்குகிறது. கருவிக்குப் பொறுப்பில்லை என்பது எல்லார்க்கும் உடன்பாடு. பொருள் தன்விருப்பில் வெடித்துத் தன்னையும் கொல்லலாம் என்ற அச்சமும் அதனுடன் குறைகிறது. பின்னாளைய விளையாட்டுகளிலும் அருகே நின்றால் ஆடுபவர் காயமுறுவது உண்மையே. எனினும் எங்கே வெடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இப்போது களம் அன்று, கை. களத்திற்குரிய பொருள்கள் ஒவ்வொன்றாக ஆடுபவரின் உடைமைகளாகும்போது, உலகம் வலிமை பெறுவதில்லை. ஆடுபவரே வலிமை பெறுகிறார். தன் விருப்பத்திற்கு எதிராக நிற்கும் ஆற்றல் உடைய சூழல் மெல்ல மெல்ல ஆயுதக் கிடங்காகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ‘டூம்’ உலகம் பொருள்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுப்பதில்லை. சுடத்தக்கன, சுடத்தகாதன எனப் பகுக்கிறது. பீப்பாய் முன்னதைச் சார்ந்து, எதிரியோடு ஒரே திணையில் நிற்கிறது.

இரண்டாவதாக, வெடிக்கும் பீப்பாய் இயற்பியல் உண்மையின் படியன்று. உலகியல் உருவமும் நாடகச் செயலும் இணைந்த மரபு. அறிவியல் புனைவு அம்மரபுக்குப் புதுப்புதுப் பெயர்களை வழங்கி அதனை வாழவைக்கிறது.

மூன்றாவதாக, 1993 முதல் 2021 வரையிலான வளர்ச்சியில் அப்பொருள் ஏழாம் வேற்றுமையிலிருந்து மூன்றாம் வேற்றுமைக்கு நகர்ந்துள்ளது. இந்நகர்வில் ஆடுபவரின் ஆற்றல் பெருகி, சூழலின் தன்னியக்கம் குறைந்துள்ளது.

நான்காவதாக, விளையாட்டின் வன்முறையை ஆராய முற்படுவோர் கதையில் யார் யாரைக் கொல்கின்றனர் என்பதோடு நிறைவுறலாகாது. எப்பொருளுக்கு உயிர் வழங்கப்பட்டது, எவ்விறப்பு எண்ணப்பட்டது, எது எண்ணப்படாது விடப்பட்டது என்பவற்றையும் விதிகளில் தேடுதல் வேண்டும். எழுவாயையும் கருவியையும் வேறுபடுத்தி நோக்கும் பயிற்சி தமிழிலக்கண மரபில் நெடுங்காலமாக உள்ளது. அப்பயிற்சியுடன் மூலநிரலை அணுகும் தமிழாய்வாளர், இத்துறையில் பிறர் கருத்துகளை மொழிபெயர்த்துத் தரும் நிலையைக் கடந்து, தமக்குரிய வினாக்களை எழுப்ப இயலும்.